சில்லறைக்குப் பால்ரஸ்

லீ பஜார் பின்சந்தில்
நஞ்சுண்டய்யா சைக்கிள் ஸ்பேர்ஸ்.
பலகையில் அவர் பெயர், கல்லாவில் நான்.
மற்ற கடைகளில் சில்லறை இல்லையென்றால் மிட்டாய்.
நாங்கள் பால்ரஸ் கொடுப்போம்.
வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.
ஒற்றைக் குண்டு எதற்கு ஆகுமென்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

கரியராமன் மாசிக்கு மாசி மலையிறங்குவார்.
நாகலூரும் தாண்டி,
பஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் வீடு.
கொண்டுவந்த மிளகை விற்றுவிட்டுத்தான் இங்கே வருவார்,
விரல்களில் அந்தக் காரம் இருக்கும்.

"எட்டு எம்எம்மா, பத்தா?"
"சக்கரம் பெருசு அம்மணி."
"எவ்வளவு பெருசு?"
"ஆயிரம் கிலோ வரும். கறுப்பு.
நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ்."

பற்று நோட்டைப் புரட்டுகிறவள்போலக் குனிந்துகொண்டேன்.
"அந்த மாடலைத் தொடவே கூடாதுன்னு சட்டம் இருக்குங்க."
"இருக்கு. இருபது கொண்டை ஊசி ஏறி
மேல வர்றதுக்குள்ள
அதுக்கும் தலை சுத்திரும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
பால்ரஸ் டப்பாவை ஒரு விரலால் தள்ளிவைத்தார்.

"இது மலிவுதான்.
போன மாசி நாலு வாங்கினேன், பன்னெண்டு ரூபா,
நீங்கதான் எண்ணிக் கொடுத்தீங்க.
எஃகு நசுங்காது, விரியாது.
குழலைக் கீறிக்கிட்டுப் போய்
சதைக்குள்ள சும்மா உக்காந்துக்குது.
நாலும் இப்பவும் அது உடம்புலதான் இருக்கு."

அது?

"நடக்குது. மூணு காலில.
காப்பித் தோட்டத்துக்குக் கீழ, சுனையோரம் படுத்துக்குது.
நாய்கூடக் குரைக்கிறதில்ல.
என் கேழ்வரகை மேயவாச்சும் வரலாம்.
அதுக்கும் வரல."

கடைக்குள் இருந்த சத்தமெல்லாம்
தெருவுக்குப் போய் நின்றதுபோல் இருந்தது.
ஒரு பையன் வால்வு டியூப் கேட்டான், கொடுத்தேன்.

பிறகு ஈயம் பார்த்தோம்.
பேட்டரியிலிருந்து உருக்கியதை நகத்தால் அழுத்தினார்.
"கலப்படம். நகம் பதியல."
கார் சக்கர எடைக்கட்டியும் அப்படியே.
பரணிலிருந்து ஒரு பழைய ஈயக் குழாய்த் துண்டு இறக்கினேன்,
மாமனார் காலத்துத் தண்ணிக் குழாய்.
நகம் பதிந்தது, பிறைபோல.
"இது மலரும்," என்றார்.
ஒரு பூவைப் பற்றிச் சொல்வதுபோல் இல்லை,
ரொட்டி உப்பும் என்று சொல்வதுபோல.

பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் தராசு இரவல்.
இருபத்தெட்டு கிராம்.
பட்டறைக்காரர் மாதேசு வெள்ளித்தூளைத் துடைத்துவிட்டுக் கேட்டார்,
"காலுக்கா?"
"இல்ல," என்றார் கரியராமன்,
"முன்சப்பைக்குப் பின்னால."

"ஒண்ணு போதுமா?"
"ரெண்டு இருந்தா
மொதல்ல போறதை அசட்டையா விட்டுருவேன்."

ஏழு ரூபாய்.
பத்து ரூபாய்த் தாளை நீட்டினார், மிளகு வாசத்தோடு.
கல்லாவில் மூன்று ரூபாய் இல்லை.
பழகின கை, என்னைக் கேட்காமலே டப்பாவுக்குள் போய்
ஒரு பால்ரஸ் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தது.

இருவரும் அதைப் பார்த்தோம்.

சுத்தமான குண்டு. டியூப்லைட் முழுசும் அதில் தெரிந்தது,
சின்னதாக நானும்.
மேசையில் வைத்தார்.
எங்கள் மேசை கொஞ்சம் சரிவு;
உருண்டு, விளிம்பில் தயங்கி,
பழைய டயர்களுக்கு நடுவே விழுந்தது.

"அடுத்த மாசிக்கு வாங்கிக்கிறேன்."

ஈயத்தை வேட்டி முடிப்பில் செருகிக்கொண்டு
ஏற்காடு பஸ்ஸுக்கு நடந்தார், அவசரமில்லாமல்.
நோட்டைத் திறந்து எழுதினேன்:
கரியராமன். நாம் தரவேண்டியது மூன்று.
ரூபாய் என்று எழுதப் போனேன்,
அதற்குள் யாரோ பெடல் கட்டை கேட்டார்கள்.